கிளியைப் பிடித்தவள்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு.
எனக்கு வேஷம்: தோழி நான்கு.
எழுநூறு ரூபாய், மதியம் பொட்டலச் சோறு,
பாவாடை கம்பெனியுடையது, நாடா மட்டும் என்னுடையது.

கதை உங்களுக்குத் தெரியும்.
ஏழு கடல், ஏழு மலை,
அதற்கப்பால் ஒரு மரப்பொந்து, பொந்துக்குள் கிளி,
கிளிக்குள் மந்திரவாதியின் உயிர்.
ராஜகுமாரன் வருவான், கழுத்தைத் திருகுவான்,
அங்கே அவன் சுருண்டு விழ, இங்கே கல்யாணம்.
மூன்று தடவை படமாகவே பார்த்துவிட்டேன்.
கடைசியாகக் காரைக்குடியில், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு;
கிளி என் மூக்குக்கு நேரே வந்து செத்தது.
சிலிர்க்குதுடீ என்றாள் பக்கத்துச் சீட்டு பொன்னழகி.
எனக்கு வாயிலிருந்த முறுக்கு இறங்கவில்லை.
படத்துக்குப் படம் இறகு துல்லியமாகிக்கொண்டே போகிறது.
பேசுகிற பறவைதான்,
ஒரு வசனம்கூட இல்லை.

எனக்குப் புதுக்கதைகள்தான் பிடிக்கும்.
ரேஷன் கடையில் எடை போடுகிறேன்,
சர்வர் படுத்துவிட்டால் வாசிக்கலாம்.
கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம்.
அதில் பூதத்துக்குச் செல்போன் டவரில் காவல் வேலை;
இடிக்குப் பயந்து தாயத்துக் கட்டியிருக்கும்.
ராஜகுமாரியை யாரும் சிறைவைக்கவில்லை.
அரண்மனைக்கு முப்பத்தேழு பங்காளிகள்,
அத்தனை கையெழுத்தும் இல்லாமல் பூட்டு திறக்காது,
அவ்வளவுதான்.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள்.
ஈப்போவில் இரண்டு பேர், பள்ளத்தூரில் பேச்சுவார்த்தை இல்லாத ஐந்து பேர்,
முப்பத்தாறும் வாங்கிவிட்டாள்.
முப்பத்தேழாவது ஒரு பாம்பு.
என்னைக் கட்டிக்கொள், போட்டுத் தருகிறேன் என்கிறது.
அவள் மைப்பெட்டியைத் திறந்து நீட்டுகிறாள்:
வாலைத் தொட்டு வை, போதும்.

அந்தப் பக்கத்தில் நான் சிரித்த சிரிப்பில்
இரண்டு கிலோ சர்க்கரை இரண்டேகாலாகப் போய்விட்டது யாருக்கோ.

சரி, படப்பிடிப்பு.
இரண்டாம் கட்டில், பூப்போட்ட தரை கீறக் கூடாதென்று
அட்டை விரித்து, அதன்மேல் காமிரா வண்டி.
கிளி வரவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் வருமாம்.
இப்போதைக்கு ஒரு குச்சி, நுனியில் டென்னிஸ் பந்து.
"தோழி நாலு, நீதான் உசரம். பிடி."
பிடித்தேன்.
ராஜகுமாரனுக்கு ஒட்டு மீசை,
வெயிலில் பசை இளகி ஒரு பக்கம் இறங்கியிருந்தது.
ஆக்‌ஷன் என்றார்கள். கை நீண்டு வந்தது.

யோசித்துச் செய்ததில்லை.
குச்சி ஒரு சாண் நகர்ந்தது.
அவர் காற்றைத் திருகினார்.

இரண்டாம் டேக்கில் இடப்பக்கம்.
மூன்றாவதில் தூணுக்குப் பின்னால்.
"ஏம்மா, கை நடுங்குதா?"
"இல்ல சார். பறக்குது."
லைட் பிடிக்கிற பையன்கள் சிரித்தார்கள்.
டைரக்டர் சிரிக்கவில்லை.
மந்திரவாதி வேஷக்காரர் செல்லக்கண்ணு மட்டும்
நாற்காலியைவிட்டு எழுந்து கை தட்டினார்.
அவர் உயிரல்லவா.

குச்சியை வாங்கித் தோழி இரண்டிடம் கொடுத்தார்கள்.
கெட்டிக்காரி, இமைகூட அசையவில்லை.
ஒரே டேக்.
தீபாவளிக்கு ரிலீஸாம்.
பொன்னழகி கூப்பிடுவாள், போகத்தான் வேண்டும்,
தோழி நான்கு இரண்டு இடத்தில் தெரிகிறாளாமே.

சாயங்காலம் பந்து குப்பைக்கூடையில் கிடந்தது.
எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் கடை. சர்வர் படுத்திருந்தது,
வரிசை வேப்பமரம்வரை நின்றது.
சும்மா இருக்காமல் பந்தைத் தராசில் வைத்தேன்.
அறுபது கிராம்.
முதல் ஆளாக நின்ற சோமையா
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இது எந்தக் கார்டுக்கு?"